பக்கத்தில் வந்துவிட்டவனின் தூரம்

சென்னை விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் ஐந்நூற்று இருபத்தொன்பது கிலோமீட்டர். பயண நேரம் ஒன்றரை மணி. இது மற்றவர்களுக்கு. எனக்கு எவ்வளவு என்று தூரப் பிரிவுக் கவுன்ட்டரில் ஒரு பெண்மணி இஞ்சு டேப்பால் அளந்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் ஜெயக்கொடி என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. தோளிலிருந்து தோள்வரை அளந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, இடுப்பிலிருந்து முழங்கால்வரை டேப்பை நீட்டினார்.

“மடி பதினேழு இஞ்சு. மடி எதுக்குக் கொண்டுபோறீங்க?”

“தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன்.”

“வேற மாமன் யாராவது?”

“இல்லைங்க. நான் ஒருத்தன்தான்.”

எழுதிக்கொண்டார். காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மடி வராவிட்டால் ஊசி வராது. என் தங்கை இசக்கிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள் இதழினி. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரைக்கு மேல் ராகுகாலம். இந்த வயதை விட்டால் அடுத்தது மூன்றாம் வயதில்தான்.

பெயர் சூட்டலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைக்குப் போனபோது முடி வளர ஆரம்பித்திருந்தது. இதற்கும் தாமதமாகப் போனால் இசக்கி என்னை மன்னித்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“காலையில கிளம்பும்போது யாராவது பின்னாடியிருந்து எங்க போறீங்கன்னு கேட்டாங்களா?” என்றார் ஜெயக்கொடி.

“எதிர்வீட்டு வரதராஜுலு கேட்டாரு.”

“உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத் திரும்பக் கிளம்பினீங்களா?”

எனக்கும் முறை தெரியாமல் இல்லை. வாசல் தாண்டியவனை யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால் உள்ளே வந்து உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். அப்புறம் புதிதாகக் கிளம்ப வேண்டும். அம்மா இருந்தவரை இதற்கென்றே வாசலருகில் ஒரு முக்காலி கிடந்தது. ஆனால் ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“நேரமில்லைங்க.”

“அவருக்கு என்ன பதில் சொன்னீங்க?”

“இதோ, பக்கத்துலதான்னு சொன்னேன்.”

ஜெயக்கொடி பேனாவைக் கீழே வைத்தார். “தூத்துக்குடியையா?”

“போற இடத்தைச் சொல்லிட்டா போவாங்க?” என்றேன். நியாயமான கேள்வி என்றுதான் நினைத்தேன். அவர் இழுப்பறையைத் திறந்தார். முத்திரையில் ஊதி என் போர்டிங் பாஸில் குத்தினார்.

புறப்படும் இடம், சென்னை. சேரும் இடம், பக்கத்தில். தூரம், தெரியவில்லை. பயண நேரம், சேரும்வரை.

“இதுல ஏதோ தப்பு இருக்கு.”

“கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “எங்க பையன் காதுகுத்துக்கும் எங்க அண்ணன் பக்கத்துலதான் வந்துட்டிருந்தாரு.”

“வந்தாரா?”

“பையன் இப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம்,” என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. எனக்குப் பதினான்காம் வரிசை, நடைபாதை ஓரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு புது மிக்ஸியை அட்டைப்பெட்டியோடு வைத்திருந்தார். மொத்தம் இருபது வரிசை. ஏறும்போதே எண்ணிவிட்டேன். எண்ணுவது என் பழக்கம்.

ஒன்றரை மணி நேரத்தில் தூத்துக்குடி வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். மேலே இருந்த பைகளை இறக்கினார்கள். கதவு திறந்ததும் உப்பு வெயில் உள்ளே வந்தது. நானும் எழுந்தேன். பணிப்பெண் என் தோளில் மெதுவாகக் கை வைத்து உட்கார வைத்தார்.

“உங்க தூத்துக்குடி இன்னும் வரலை சார்.”

“எல்லாரும் இறங்குறாங்களே.”

“அவங்களுது வந்துடுச்சு.”

மிக்ஸிக்காரரின் ஜன்னலில் ஓடுதளம் தெரிந்தது. அதே ஜன்னலில் நான் எட்டிப் பார்த்தபோது மேகம்தான் தெரிந்தது. அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“வீடு எங்கன?” என்றார். இசக்கியின் தெருவையும் காதுகுத்தையும் சொன்னேன். “எனக்குப் போற வழிதான். மாமன் மேல இருக்காருன்னு சொல்லிருதேன்.” மிக்ஸியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கதவு மூடப்பட்டது. நான் மட்டும் பறந்துகொண்டிருந்தேன்.

எட்டரை மணிக்கு இசக்கி போன் செய்தாள்.

“அண்ணே, எங்கன இருக்க?”

“பக்கத்துல வந்துட்டேன்ட்டி. நீங்க?”

“நாங்க கோயிலுக்கு வந்தாச்சு. எல்லாரும் ஒனக்காகத்தான் உக்காந்திருக்கோம்.”

“இதோ வந்துருதேன்.”

நான் பொய் பேசுகிறவன் இல்லை. அலுவலகத்தில் விடுப்புக்குக்கூட உண்மையான காய்ச்சலைத்தான் காரணம் காட்டுவேன். ஆனால் பக்கத்தில் வந்துவிட்டேன் என்பதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. குளியலறையில் தலையில் சோப்போடு நின்று நானே சொல்லியிருக்கிறேன். கேட்கிறவருக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. விமானி பேசினார். “பயணி ஒருவர் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தெரிவித்திருப்பதால் தூரம் அறுபத்தெட்டு கிலோமீட்டர் கூடுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

முன்னால் பார்த்தேன். எனக்கு முன்னே பதின்மூன்று வரிசை இருந்த இடத்தில் இப்போது முப்பத்தொன்று இருந்தது. எழுந்து விமானி அறைவரை போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று நடந்தேன். நடக்க நடக்க வரிசைகள் வந்தன. கால் வலித்ததும் திரும்பினேன். திரும்பி வர இன்னும் கூடுதல் நேரம் பிடித்தது.

எட்டேமுக்காலுக்கு இசக்கி மறுபடி கூப்பிட்டாள். “அண்ணே, எங்கனண்ணே?”

என்ன சொல்வது. காத்திருக்கிறவளிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “பக்கம்தான்ட்டி. ஒரு பத்து நிமிஷம்.”

நூற்று நாற்பது கிலோமீட்டர் கூடியது. கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடை முளைத்தது. பணிப்பெண் இப்போது சைக்கிளில் வந்தார். கேரியரில் தண்ணீர் பாட்டில் பெட்டி இருந்தது.

“ஒண்ணு குடுங்க,” என்றேன். எனக்கு முறை ஞாபகம் வந்துவிட்டது.

“குடிக்கத் தரலாம் சார். ஆனா கணக்குல வராது. எங்கன்னு கேட்டவர் கையால வாங்கிக் குடிக்கணும்.” மணியடித்துக்கொண்டே வேகத்தடையில் ஏறி இறங்கிப் போய்விட்டார்.

ஒன்பதே காலுக்கு மூன்றாவது போன். இந்தமுறை அவள் எதுவும் கேட்கவில்லை. “ஒண்ணும் அவசரமில்லண்ணே, மெதுவா வா,” என்றாள். நான் பதறிப்போய், “தெருமுனைக்கே வந்துட்டேன்ட்டி, ஆசாரியை ஊசியை எடுத்து வைக்கச் சொல்லு,” என்று சொல்லிவிட்டேன்.

விமானி இதற்கு அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. மைக்கில் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. முன்பக்கச் சுவரும் பின்பக்கச் சுவரும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. நடுவில் எங்கோ மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பகுதி வரிசைகளில் ஜன்னல் திரைகள் தாமாகவே இறங்கின.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்புத் தாளில் மடித்த இரண்டு கம்மல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மிளகளவு. இதைத் தேர்ந்தெடுக்க நான் நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரப் பெண்ணிடம் என் கட்டைவிரலைக் காட்டி, குழந்தையின் காது இதில் பாதி இருக்கும் என்று விளக்கினேன். எனக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அழுதேன்.

அப்போது பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

வரதராஜுலு வந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர். ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் பார்த்த அதே வேட்டி, அதே பனியன், தோளில் துண்டு. இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் தம்ளரைப் பிடித்திருந்தார். தண்ணீர் சிந்தக் கூடாது என்பதால் மிக மெதுவாக நடந்தார். நாற்பது வரிசை தள்ளியே என்னைப் பார்த்துவிட்டார். ஆனால் கையை அசைக்க வழியில்லாததால் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

வந்து சேர்ந்ததும் சொன்னார். “தப்புப் பண்ணிட்டேன் சார். வாய் வரைக்கும் வந்துடுச்சு, கேட்டுட்டேன்.”

“நடந்தா வந்தீங்க?”

“பின்கதவு தொறந்திருந்துது. காலையிலேர்ந்து நடக்கறேன். எழுபதாவது வரிசையில ஒரு எடத்துல மட்டும் காலு தடுக்கிச்சு. அரை வெரக்கடை சிந்திடுச்சு.” தம்ளரைக் காட்டினார். உண்மையில் கால் விரற்கடைதான் குறைந்திருந்தது.

“எழுந்திருங்க. மறுபடி உட்காருங்க. அப்பதான் கணக்கு.”

எழுந்தேன். உட்கார்ந்தேன். அவர் கையிலிருந்து தம்ளரை வாங்கிக் குடித்தேன். எங்கள் தெருத் தண்ணீரின் துருவாசனை. ஒரு வாய்தான் குடித்தேன். மீதியை அவர் பத்திரமாக வாங்கிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

“இப்ப மொதல்லேர்ந்து கேக்கறேன்,” என்றார். “எங்க சார் கெளம்பிட்டீங்க?”

வாய் தன்னால் திறந்தது. இதோ, என்று ஆரம்பித்துவிட்டேன். எங்கோ முன்னால் ஒரு வரிசை முளைக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

“ஒன்பது வருஷமா கேக்கறேன்,” என்றார் வரதராஜுலு. அதில் கோபம் எதுவும் இல்லை. “நீங்க பக்கத்துலதான் போயிருக்கீங்க. நம்ம தெருவுல எல்லாரும் பக்கத்துலதான் போறாங்க. நானும் சில நாள் பக்கத்துல போய்ப் பாக்கறேன். அங்க யாருமே இல்ல சார்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் கண் வைப்பதற்காகக் கேட்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். பால் வாங்கப் போகும்போதுகூடப் பையை மடித்து மறைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

“தூத்துக்குடிக்குப் போறேன்,” என்றேன். “தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து. பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்த பொண்ணு. அது பொறந்தப்போ நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அவ ஒரு வார்த்தை சொல்லல. நான் எப்பவும் லேட்டா வருவேன், அவ எப்பவும் ஒரு எலை எடுத்து வச்சிருப்பா. இன்னிக்காவது எனக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கணும்னு இருந்துது.”

கம்மல்களைப் பிரித்துக் காட்டினேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். திருகாணியைத் திருகிச் சரிபார்த்தார்.

“இதைச் சொல்லியிருந்தா நானே ஆட்டோ வரைக்கும் பையைத் தூக்கிட்டு வந்திருப்பேனே,” என்றார்.

போன் அடித்தது. மணி ஒன்பதே முக்கால்.

“அண்ணே,” என்றாள் இசக்கி. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள் என்று நினைக்கிறேன்.

“இசக்கி, நான் எங்கன இருக்கேன்னு எனக்குத் தெரியலட்டி. மேல இருக்கேன். சுத்தி மேகமா இருக்கு. எவ்வளவு தூரம்னு இங்க யாருக்கும் தெரியல. தெருமுனைன்னு சொன்னது பொய். பத்து நிமிஷம்னு சொன்னதும் பொய். எனக்குப் பயமா இருக்கு.”

மறுமுனையில் ஒரு பாத்திரம் உருண்டு நின்றது. குழந்தை ஏதோ உளறியது.

“அண்ணே,” என்றாள். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே.”

“சொல்லு.”

“நாங்க இன்னும் வீட்டவிட்டே கெளம்பலண்ணே. கோயிலுக்கு வந்தாச்சுன்னு சும்மா சொன்னேன். ஒன் மாப்ள இப்பத்தான் குளிக்கப் போறாரு. நான் இன்னும் சீலையே மாத்தல. ஒன்னயக் காக்க வச்சிருவோமேன்னுதான் இவ்வளவு நேரம் பதறிக்கிட்டு இருந்தேன். ஆசாரி மட்டும் கோயில்ல தனியா உக்காந்திருக்காரு.”

வரதராஜுலுவுக்கும் கேட்டிருக்க வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேன். இசக்கியும் சிரித்தாள். அவள் சிரிப்பு சின்ன வயதில் இருந்த மாதிரி மூக்கில் முடிந்தது.

விமானம் சுருங்க ஆரம்பித்தது. வரிசைகள் இரண்டிரண்டாக மடிந்தன. மழை பெய்த பகுதி எங்களைக் கடந்து போனது. சட்டை லேசாக நனைந்தது. வேகத்தடை காலடியில் வந்து ஒரு தடவை தூக்கிப்போட்டது. வரதராஜுலு தம்ளரை மேலே தூக்கிக்கொண்டார். பணிப்பெண் சைக்கிளிலிருந்து இறங்கி அதை மடித்து மேலே வைத்தார். கடைசியில் ஒரே ஒரு வரிசை மிஞ்சியது. என்னுடையது.

இடது கதவு இசக்கி வீட்டுக் கூடத்தில் திறந்தது. வலது கதவு கோயில் வேப்பமரத்தடியில் திறந்தது. கூடத்தில் மிக்ஸிக்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செய்தி சொல்ல வந்தவரைச் சாப்பிடாமல் விட மாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டார்களாம். பின்னால் மாப்பிள்ளை ஈரத்தலையோடு ஓடினார்.

நான் எழுந்து தங்கையிடம் போகப் பார்த்தேன்.

“எழுந்தா மடி போயிடும் சார்,” என்றார் பணிப்பெண்.

உட்கார்ந்தேன். இசக்கி குழந்தையோடு உள்ளே வந்தாள். சேலையை மாற்றியிருந்தாள், கொசுவம் சரியாக இல்லை. “வந்துட்டியாண்ணே,” என்றாள். இதழினியை என் மடியில் வைத்தாள். பதினேழு இஞ்சில் அவள் தாராளமாகப் பொருந்தினாள். தலையில் புதுமுடி கறுப்பாக வந்திருந்தது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள்.

வலது கதவு வழியாக ஆசாரி ஏறினார். “காலையில ஏழு மணியிலேர்ந்து உக்காந்திருக்கேன்,” என்றார். ஊர் முழுக்க நிஜமாகவே வந்துசேர்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி பத்து இருபது. நான் குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். ஆசாரி இடது காதில் குத்தினார். ஒரு நொடி எதுவுமில்லை. பிறகு அவள் வீறிட்டாள்.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இசக்கி சொன்னாள், மாப்பிள்ளை சொன்னார், மிக்ஸிக்காரர் கை கழுவாமலே வந்து சொன்னார். “அவ்வளவுதான் தங்கம், முடிஞ்சிருச்சு. முடிஞ்சே போச்சு.”

ஒலிபெருக்கி கரகரத்தது. “இடது காதிலிருந்து வலது காதுவரை வான்வழித் தூரம் ஐந்நூற்று இருபத்தொன்பது கிலோமீட்டர். பயண நேரம் ஒன்றரை மணி.”

ஆசாரி ஊசியோடு நிமிர்ந்து பார்த்தார். வலது காது ஜன்னலுக்கு வெளியே, மேகத்துக்கு அப்பால் போயிருந்தது. அவ்வளவு தூரத்தில் மிகச் சின்னதாக இருந்தது. வெயில் பட்டுச் சிவப்பாகத் தெரிந்தது.

“அங்கன போயிட்டு வர ராகுகாலமே முடிஞ்சிரும்,” என்றார் ஆசாரி.

இசக்கி என்னைப் பார்த்தாள். மணி பத்து இருபத்தைந்து. இதழினி அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கு ஒழுக, இன்னும் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் முகத்துக்கு வந்தாள்.

“முடியலடா தங்கம்,” என்றேன். “இன்னொரு காது இருக்கு. அதுவும் இதே மாதிரி வலிக்கும். மாமா பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.”

வரதராஜுலு தம்ளரை நீட்டினார். மீதியிருந்த தண்ணீரை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பாதி என் வேட்டியில் கொட்டியது. அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஒரு வயதுக் குழந்தை யோசிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு என் நெஞ்சில் இடது கன்னத்தை வைத்து, தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

வலது காது வந்துவிட்டது. பக்கத்தில்தான் இருந்தது.